மூன்றாம் கோப்பையில் இரும்பு

அத்தியாயம் 14

நிஷாந்தி மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். போன வாரம் ரோஜாத் தொட்டி மண்ணைக் கிளறி, வெள்ளை வெள்ளையாக அகப்பட்டதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்ட அம்மாக்கண்ணுவுக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்பது மட்டும்தான் மகளுக்குத் தெரியாது.

ஒரே அடுப்பில் குளிர்காய்கிற இரண்டு பேர், ஒன்றுமே நடக்காத மாதிரி ஒருவருக்கொருவர் முகம் காட்ட ரொம்பச் சாமர்த்தியம் வேண்டும். இந்த வீட்டுக்கு அது ஐந்து வருடப் பழக்கம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்கள் முழிக்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, ஹெதர்லி தோட்டத்துத் தொழிற்சாலையில் நிஷாந்தி உதவி டீமேக்கர், அதாவது தேயிலை தயாரிப்பைக் கவனிப்பவருக்கு அடுத்தவள். அப்பா இல்லை. அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கப் போகிறாள். தம்பி திலக்ஷன் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறான்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் நிஷாந்தி ஒரு வாரம் தூங்காமல் இருந்தாள். உலகமே தன் கைக்குள் இருப்பதாகப் பேசினாள். றொசல்ல ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்களுக்கெல்லாம் தன் நகையைக் கழற்றிக் கழற்றிக் கொடுத்தாள். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இதற்குப் பைபோலர் என்று பெயர் சொன்னார். லித்தியம் மாத்திரை எழுதினார். ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு, ஒழுங்காகத் தூங்கினால் உன் வேலையை நீ பார்க்கலாம் என்றார். பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். தோட்டத்தில் மட்டும் அது நெருப்புக் காய்ச்சல், டைபாய்டு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் நிறுத்தினாள்? நாக்குக்காக.

மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் வாயில் இலேசாக ஓர் இரும்பு ருசி இருக்கும், விரல்களில் சின்ன நடுக்கமும் இருக்கும். வேறு வேலையென்றால் யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடலாம். இவள் வேலை தேயிலையை ருசி பார்ப்பது. டீமேக்கர் சூசைரட்ணம் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இவளைப் போடலாமா என்று தோட்டத்து மனேஜரான தொரை யோசித்துக்கொண்டிருக்கிறார். போட்டால் இந்த ஸ்டாஃப் குவாட்டஸ் வீடு நிலைக்கும். வெளியாள் வந்தால் தனக்கு வேண்டியவரை உதவிக்குக் கூட்டி வருவார். அம்மாவும் மகளும் மறுபடியும் லயத்து ஒற்றையறைக் காம்பிராவுக்குச் சட்டிபானையைத் தூக்க வேண்டியதுதான்.

ஆகவே கொஞ்ச நாளைக்கு மட்டும் நிறுத்திப் பார்ப்போம் என்று நினைத்தாள். டாக்டரம்மாவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நாள் இப்போது இரண்டு வாரமாகிவிட்டது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கொழும்பு ஏலத்துக்குத் தேயிலை லொறி போகிற நாள்.

*

அம்மாக்கண்ணு எழுந்து வந்தபோது குசினி பளிச்சென்று இருந்தது. டப்பாக்கள் உயர வரிசைப்படி நின்றன. சுவர்க் கலண்டரின் போன மாதத் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் முழுக்க அம்புக்குறி போட்டு எதையோ வரைந்துகொண்டிருந்தாள் நிஷாந்தி.

"எப்ப எந்திரிச்ச?"

"இப்பத்தாம்மா. இத பாருங்க. வாடல் தட்டுக்குக் காத்து இந்தப் பக்கமா வந்தா பாதி நேரத்துல இல வாடிரும். யாருமே இத யோசிக்கலம்மா. இந்த மலை முழுக்க ஒருத்தரும் யோசிக்கல."

"தூங்குனியா புள்ள?"

"தூங்குனேன், தூங்குனேன். எனக்கு இப்பல்லாம் கொஞ்சம் தூங்குனாப் போதும்."

அம்மாக்கண்ணு அடுப்பைப் பற்றவைத்தாள், இஞ்சியைத் தட்டினாள், தேத்தண்ணீர் ஊற்றினாள். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். சற்று நேரம் கழித்து வெறும் டம்ளரோடு திரும்பி வந்தாள்.

"என்னம்மா, ஊத்திட்டீங்களா?"

"ஈ விழுந்துருச்சு. இரு, வேற தர்றேன்."

பனி ஜன்னல் கண்ணாடியை மூடியிருந்தது. இந்தக் குளிரில் ஈ எங்கிருந்து வந்தது என்று கேட்கிற நிதானம் அன்றைக்கு நிஷாந்தியிடம் இல்லை. இரண்டாவது டம்ளர் வந்தது. வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். இஞ்சி ஒரு பக்கம் நின்றது, சீனி ஒரு பக்கம் நின்றது, அவற்றுக்குக் கீழே தேயிலை தனியாகத் தெரிந்தது. செத்துப்போயிருந்த நாக்கு பிழைத்து வந்துவிட்டதென்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லா இருக்கும்மா."

"நெசமாவா?"

"ஏன் அப்பிடிக் கேக்குறீங்க?"

அம்மாக்கண்ணு கூடையை எடுத்துத் தலையில் மாட்டினாள். வாசல்வரை போனவள் நின்று, மகளைத் திரும்பிப் பார்த்தாள். மழை வரும் போலிருக்கிறது, குடை எடுத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

*

தொழிற்சாலை வாசலில் கொழும்பு லொறி ஏற்கெனவே வந்து நின்றது. டிரைவர் முத்துலிங்கம் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிஷாந்திக்கு நடை ஓட்டமாக இருந்தது. மேல்மாடி ஏறி இறங்கினாள். வாடல் தட்டில் இலையைப் பிசைந்து பார்த்தாள். இலை உருட்டும் ரோலர் பக்கம் நின்ற தொழிலாளி ஆண்டியப்பனிடம், தான் காலையில் வரைந்ததை மூச்சு விடாமல் விளக்கினாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே தட்டில் சிந்திய இலையைக் கூட்டினான்.

"நான் சொல்றத கேக்குறீங்களா இல்லையா?"

"கேக்குறேன் மிஸ். நீங்க கொஞ்சம் மெதுவாச் சொன்னா வெளங்கும்."

"மெதுவாவா? ஒங்களுக்கு வெளங்குறதுக்காக நான் நாள் பூரா நிக்கணுமா?"

ஆண்டியப்பன் கூட்டுவதை நிறுத்தினான். இவளுக்கு அவன் அப்பா வயது. ஒருநாளும் இவள் அவனிடம் குரல் உயர்த்தியதில்லை. நிஷாந்திக்கு ஒரு கணம் முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று நினைப்பதற்குள் கால் அடுத்த இடத்துக்குப் போய்விட்டிருந்தது.

ருசி பார்க்கிற அறையில் உதவிக்கு நிற்கும் ஷாமிலா எல்லாம் தயாராக வைத்திருந்தாள். இந்த லொறியில் ஏறப்போகும் தேயிலை, நாள் வாரியாக ஐந்து வெள்ளைக் கோப்பைகளில் பாலில்லாமல் ஊற்றி வைக்கப்பட்டிருந்தது. முதல் இரண்டு கோப்பையும் இரண்டாம் ரோலரைப் பழுது பார்ப்பதற்கு முந்தியவை. மூன்றாவது, பழுது பார்த்த மறுநாள் செய்தது.

நிஷாந்தி கரண்டியை எடுத்தாள். கை நடுங்கவில்லை. முன்பெல்லாம் கரண்டி கோப்பை விளிம்பில் மோதிச் சத்தம் போடும். அது ஷாமிலாவுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகவே இருமுவாள். இன்றைக்கு இரும வேண்டியிருக்கவில்லை.

முதல் கோப்பையை உறிஞ்சினாள், வாய்க்குள் சுழற்றினாள், துப்பினாள். சுத்தம். இரண்டாவதும் சுத்தம்.

மூன்றாவது கோப்பையில் நின்றாள். மறுபடி உறிஞ்சினாள். தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி. நாக்கின் இரு ஓரங்களிலும் கூசியது. நான்காவதில் அதே கூச்சம், சற்றுக் குறைவாக. ஐந்தாவதில் இருப்பது மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது.

"ஐயாவக் கூப்பிடு ஷாமிலா."

சூசைரட்ணம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வருடம் தேயிலைத் தூசியில் நின்ற மனிதர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனாலும் சட்டையில் தொழிற்சாலை வாசம் போகாது.

"மூணாவதுல இரும்பு ருசி இருக்குங்க ஐயா."

அவர் உறிஞ்சினார். துப்பினார். இன்னொரு தடவை உறிஞ்சினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே புள்ள."

"நல்லா இருக்குங்க. நாலாவதுலயும் இருக்கு. ரெண்டாம் ரோலருல பித்தளத் தகட்ட எடுத்துட்டு இரும்புத் தகடு போட்டீங்கல்ல, அதுலதான் வருது. ரோலர நிப்பாட்டணும். இந்த மூட்டை எல்லாம் லொறியில ஏறக் கூடாது."

சூசைரட்ணத்தின் முகம் மாறியது. பித்தளைத் தகடு வர நாளாகும் என்று இரும்பைப் போடச் சொன்னவர் அவர்தான். அதைத் தொரையிடம் சொன்னாரா என்பது அவருக்கும் அந்தோனியாருக்கும்தான் வெளிச்சம்.

"ஒரு வாரத்துத் தேயில புள்ள அது. நிப்பாட்டுன்னா வெளையாட்டா?"

"கெட்டதுன்னா கெட்டதுதானுங்களே. கொழும்புல வாயில வைச்ச ஒடனே சொல்லிருவாங்க. ஒங்களுக்குத் தெரியலன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

ஷாமிலா கோப்பைகளைக் கழுவுகிற சாக்கில் வெளியே நழுவினாள். சூசைரட்ணம் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நிஷாந்திக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அவளுடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராவுல தூங்குனியா?"

காலையில் அம்மா கேட்ட அதே கேள்வி. இந்த உலகத்தில் வேறு யார் எதை அழுத்திச் சொன்னாலும் காது கொடுக்கிறார்கள். இவள் ஒருத்தி ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னால் தூங்கினாயா என்று கேட்கிறார்கள்.

"தூக்கத்துக்கும் தேயிலைக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"சரி, சரி. மத்தியானத்துக்குத் தொரை வருவாரு. நாற்காலியில ஒக்காரப் போறவ நீ. நீயே முடிவு பண்ணு. கெட்டதுன்னா கெட்டதுன்னு அவருகிட்டச் சொல்லு. சரின்னா லொறி போகட்டும். நான் ஒன் பேச்சுக்குக் குறுக்க வர மாட்டேன்."

*

திலக்ஷனின் அழைப்பு மத்தியானத்துக்குச் சற்று முந்தி வந்தது. நிஷாந்தி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று பேசினாள்.

"அக்கா, கிளினிக்ல நிக்கிறேன். ஒன் மாத்திரை எடுக்க வந்தேன்."

"சரி, எடுத்துட்டு வா. அதுக்கு எதுக்கு இப்பக் கூப்புடுற?"

"கோவப்படாதக்கா. நீ மாத்திரைய நிப்பாட்டுனது எங்களுக்குத் தெரியும். அம்மா ரோஜாத் தொட்டியில பாத்துட்டாங்க."

பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அம்மா அழுதாங்க. நாந்தான் சொன்னேன், தேத்தண்ணியில கரைச்சுக் குடுத்துருங்கன்னு. ஒரு கெழமையா அம்மா கரைச்சுத்தான் குடுக்குறாங்க. நேத்தும் கேட்டேன், கரைச்சேன்னாங்க. இன்னைக்கு இங்க நர்ஸ் மிஸ்கிட்ட சும்மா சொன்னேன். ஏசு ஏசுன்னு ஏசிட்டாங்க. அப்பிடித் தெரியாமக் குடுக்கக் கூடாதாம், ரத்தம் சோதிக்கணுமாம். நாளைக்குக் காலையில ஒன்னயக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. அக்கா? இருக்கியா?"

இருந்தாள். முதலில் வந்தது ஆத்திரம். பெற்ற தாய் மகளுக்குத் தெரியாமல் வாயில் மருந்தை ஊற்றுகிறாள். சமைத்துப் போடுகிற கையை நம்பாமல் எப்படி ஒரு வீட்டில் இருப்பது?

ஆத்திரத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதுதான் அவளை நிற்கவிடாமல் செய்தது. ஒரு வாரமாக மாத்திரை உள்ளே போயிருக்கிறது. அப்படியென்றால் மூன்றாம் கோப்பையில் இருந்தது தகடும் இல்லை, ரோலரும் இல்லை. பழைய ருசி. அவளுடைய வாயிலேயே ஊறுகிற அந்த ருசி.

"வை," என்று சொல்லிப் போனை நிறுத்தினாள்.

ருசி அறைக்கு ஓடினாள். ஷாமிலாவை ஐந்து கோப்பையும் புதிதாக ஊற்றச் சொன்னாள். வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. முதல் கோப்பையை உறிஞ்சினாள். இரும்பு. காலையில் சுத்தமாக இருந்த முதல் கோப்பை. இரண்டாவதிலும் இரும்பு. எல்லாவற்றிலும் இரும்பு. வெறும் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். அதிலும் இருப்பது போலத்தான் இருந்தது.

காலையில் வீட்டில் குடித்த தேத்தண்ணீர் ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. இஞ்சி மறைத்திருக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டாள். பயந்துபோன மனதுக்குத் தனக்கு எதிரான சாட்சி மட்டும்தான் காதில் விழும்.

"மிஸ், ஒங்களுக்கு மேலுக்கு முடியலையா?" என்றாள் ஷாமிலா.

"இல்ல. ஒண்ணுமில்ல. கழுவி வை."

தொரையின் ஜீப் வந்தது. சின்ன வயது மனிதர். தமிழ் புரியும், பேச வராது. சூசைரட்ணம் சொன்ன வாக்கைக் காப்பாற்றி ஓரமாக நின்றார். தொரை சிங்களத்தில், தேயிலை எப்படி இருக்கிறது மிஸ், அனுப்பலாமா என்று கேட்டார்.

ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆண்டியப்பன் தூரத்திலிருந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் இவள் போட்ட கூச்சல் இந்நேரம் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்திருக்கும். இரும்பு ருசி என்று சொல்லி, மாதிரி அனுப்பிப் பார்த்து அது வெறும் வாய்க்கோளாறு என்று கொழும்பில் சொல்லிவிட்டால்? ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியின் வால் ரோஜாத் தொட்டி வரைக்கும் வரும்.

"ஹொந்தாய் சேர், நல்லா இருக்கு," என்றாள் நிஷாந்தி. "அனுப்பலாம்."

தொரை தலையசைத்தார். சற்று நேரத்தில் முத்துலிங்கம் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். மழை பிடித்துக்கொண்டதால் சாயங்காலம் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, மழையோடேயே லொறியைக் கிளப்பினான். வளைவில் அது மறைகிற வரைக்கும் நிஷாந்தி குடையில்லாமல் நின்றாள்.

*

அம்மாக்கண்ணு கடைசிக் கொழுந்து நிறுவை முடிந்து வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. நனைந்த படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து வாசலில் போட்டாள். உள்ளே விளக்குப் போடாமல் மகள் மேசைமேல் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம் புள்ள இருட்டுல ஒக்காந்துருக்க?"

"தேத்தண்ணியில என்னம்மா கரைச்சுக் குடுத்தீங்க?"

அம்மாக்கண்ணு மறுக்கவில்லை.

"தம்பி சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான். எல்லாத்தையும் சொல்லிட்டான். ஒங்க கையால குடிச்சனேம்மா. காலையில நல்லா இருக்குன்னு வேற சொன்னேன். நெசமாவான்னு கேட்டீங்க. எப்பிடிம்மா மனசு வந்துச்சு? நான் என்ன, மருந்து வச்சுப் புடிக்கிற எலியா?"

"நிஷா..."

"என் நாக்கு போச்சு இன்னைக்கு. தொரை முன்னால நின்னு எது தேயில, எது மாத்திரைன்னு தெரியாம முழிச்சேன். சரின்னு சொல்லி லொறிய அனுப்பிட்டு வந்துருக்கேன்."

அம்மாக்கண்ணு கீழே உட்கார்ந்தாள். அட்டை கடித்த கால் ஒன்றில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"நான் குடுக்கல புள்ள."

"பொய் சொல்லாதீங்க."

"கரைச்சேன். நெசந்தான். தம்பி சொன்னதுலருந்து தெனமும் கரைச்சேன். கரைச்சுட்டு ஒன் மூஞ்சியப் பாப்பேன். கொண்டு போயி கொல்லையில ஊத்திருவேன். கரைச்சியான்னு அவன் போன்ல கேட்டா கரைச்சேம்பேன். அவன் அதுக்கு மேல கேக்க மாட்டான். இன்னைக்கும் ஊத்தினேனே, நீ கேட்டியே. ஈ விழுந்துருச்சுன்னேனே."

நிஷாந்தி மேசையிலிருந்து கையை எடுத்தாள்.

"அன்னைக்கு ஆசுபத்திரியில ஒன்னய நாலு பேரு அமுக்கிப் புடிச்சு ஊசி போட்டாங்க. அம்மா, அம்மான்னு நீ என்னயப் பாத்துக் கத்துன. அப்பவும் நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். இதையும் ஒனக்குத் தெரியாம எப்பிடிப் புள்ள வாயில ஊத்துவேன்? குடுக்காம இருக்கவும் பயமாத்தான் இருந்துச்சு. ராவெல்லாம் நீ தூங்காமச் சட்டிய அடுக்குற சத்தத்தக் கேட்டுக்கிட்டே படுத்துக் கெடந்தேன்."

அவள் எத்தனையோ நாளாக அடக்கி வைத்த அழுகையில் தோள் சத்தமில்லாமல் குலுங்கியது. நிஷாந்தி எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தன் முந்தானையால் அந்த இரத்தத்தைத் துடைத்தாள். தன்னைப் பெற்றதற்கு அம்மா பட்டது போதும் என்று நினைத்தாள்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப ரெண்டு வாரமா ஒண்ணுமே என் வாயில போகலயாம்மா?"

"இல்ல புள்ள. முருகன் மேல சத்தியமா."

நிஷாந்தி எழுந்து பையைத் திறந்தாள். மூன்றாம் கோப்பைக்கான தேயிலையில் ஒரு பிடி காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது, கை எடுத்திருந்தது. தண்ணீர் கொதிக்கவைத்துச் சீனி, இஞ்சி எதுவும் சேர்க்காமல் வெறும் சாயத் தேத்தண்ணீராக ஊற்றினாள். தான் குடிக்கவில்லை. அம்மாவிடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க. எப்பிடி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அம்மாக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது? செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய நக்குன மாதிரி இருக்கு."

மழை ஓட்டுக்கு மேலே அடித்துக்கொண்டிருந்தது. நிஷாந்தி சிரித்தாள், அழுதாள், இரண்டும் எது எதுவென்று தெரியவில்லை. அவளுடைய நாக்கு காலையில் சொன்னது சரி. மத்தியானம் அவள் வாய் சொன்னதுதான் பொய்.

அடுத்த மூச்சிலேயே மற்றதும் உறைத்தது. அம்மா மாத்திரை கொடுக்கவில்லை என்றால், இரண்டு வாரமாக அவளைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. கலண்டர் தாளில் போட்ட அம்புக்குறிகள், ஆண்டியப்பனிடம் கத்தியது, தூங்காத இரவுகள். ஐந்து வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான் தொடங்கியது. அப்போதும் இவ்வளவு நன்றாகத்தான் இருந்தது.

இரும்பும் நிஜம். நோயும் நிஜம். ஒன்று நிஜமாக இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது என்பதை இதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"நாளைக்குக் காலையில கிளினிக் போறோம்மா. நீங்களும் வாங்க. டாக்டரம்மாகிட்ட நானே சொல்றேன், நிப்பாட்டுனதையும் சொல்றேன், நாக்கையும் சொல்றேன்."

"நாளைக்கு வேலைக்குப் போகலன்னா டீமேக்கர் ஐயா என்ன சொல்வாரு?"

நிஷாந்தி போனை எடுத்தாள்.

முத்துலிங்கத்தின் நம்பர் கிடைக்கவில்லை. கித்துல்கலைப் பக்கம் இறங்கியிருப்பான், அங்கே சில இடங்களில் சிக்னல் இருக்காது. மறுபடி அடித்தாள், மறுபடியும் இல்லை. சூசைரட்ணத்தின் நம்பரைத் தேடினாள். விரல் அதன்மேல் நின்றது. அழைத்தாள்.

"ஐயா, லொறிய எப்பிடியாவது நிப்பாட்டணும். அந்தத் தேயிலையில இரும்பு இருக்குங்க. காலையில நான் சொன்னதுதான் சரி."

அந்தப் பக்கம் ரோலர்களின் இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவே சூசைரட்ணத்தின் குரல், வழக்கத்தைவிடத் தணிந்து வந்தது.

"நான் ஒன் நாக்க நம்பித்தான புள்ள ஒதுங்கி நின்னேன். எனக்கு இப்பல்லாம் ருசி அவ்வளவாத் தெரியறதில்ல. காலையில அத்தன அடிச்சுச் சொன்னவ, மத்தியானம் தொரை முன்னால ஏன் சரின்ன? நான் அவருகிட்ட ஒரு காரணம் சொல்லணும்ல?"

நிஷாந்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மாக்கண்ணு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இந்த வீட்டுக் கூரை, மாதக் கடைசியில் வரப்போகிற நாற்காலி, ஐந்து வருடமாகக் கட்டிக் காத்த ஒரு பொய், எல்லாம் அந்தத் தலையாட்டலில் இருந்தது. நிஷாந்தி அம்மாவின் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா," என்றாள். "அஞ்சு வருசத்துக்கு முன்னால எனக்கு வந்தது நெருப்புக் காய்ச்சல் இல்லீங்க."

சொல்லத் தொடங்கினாள். கெட்டிக்கார வார்த்தைகள் எதுவும் வரவில்லை. ஸ்டேஷனில் கொடுத்த நகை, சுவரைப் பார்த்துக் கிடந்த மாதங்கள், மாத்திரை, நாக்கு, ரோஜாத் தொட்டி என்று வந்தபடி வந்தது. சொல்லி முடித்தபோது மழை விட்டிருந்தது.

சூசைரட்ணம் போனை வைக்காமலேயே ரோலர் பக்கம் நடந்தார். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த ரோலர்களில் ஒன்று மெல்ல மெல்ல இரைச்சல் குறைந்து, நின்றுபோவது நிஷாந்தியின் காதுக்குக் கேட்டது.